எண்ணெய் எங்கே இருக்கிறது?

வாழைத்தோப்பில் ஓடும் ஒரு மினி டிராக்டரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் வண்டி கொட்டகைக்குள் குளிர்ந்து நிற்கிறது. அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால் ஹைட்ராலிக் ஆயில் மேல்கோட்டைத் தொட்டு நிற்கிறது. பத்து மணிக்கு எருவைக் கொட்டுவதற்காக டிப்பர் டிரெய்லரைத் தூக்கி நிறுத்தியிருக்கும் நேரத்தில் அதே குச்சியை உருவினால் கீழ்க்கோட்டில்கூட ஈரம் இல்லை. பிற்பகலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு நாலு மணி நேரம் ரோட்டவேட்டர் ஓட்டியபின், வண்டி கொதித்துப்போய் நிற்கும்போது பார்த்தால், எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருக்கிறது. இடையில் யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. தரையில் ஒரு சொட்டு சிந்தவும் இல்லை. மூன்றில் எது சரியான அளவு?

மூன்றுமே சரிதான். குச்சி ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வண்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று நாம் கேட்கிறோம். குச்சிக்குத் தெரிந்ததோ வேறொன்று: இந்தத் தொட்டியில், குச்சி இறங்கும் இந்த ஓர் இடத்தில், இந்த நேரத்தில் எண்ணெயின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் பல டிராக்டர்களின் பம்ப் வீணாகிறது, ஆயில் சீல் கிழிகிறது, பிரேக் வழுக்குகிறது. அளவு குறைந்தால் ஊற்று, கூடினால் இறக்கு என்று இந்த வேலையைச் சுருக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் எண்ணெய் எங்கெங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஊற்றினாலும் கெடுதல், இறக்கினாலும் கெடுதல்.

முதலில் அந்த எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை என்று பார்த்துவிடலாம். அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். அவருடைய நூல் அவர் இறந்தபின் 1663-ல் அச்சானது. அதை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ் என்னும் பாய்ம அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். சூட்சுமம் எளிது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரே அழுத்தம் என்றால், அகலமான பிஸ்டனுக்கு அதிக விசை கிடைக்கும். இன்றைய டிராக்டர் ஹைட்ராலிக்கில் சுமார் 150 முதல் 200 பார் வரை அழுத்தம் ஏறும். ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை. 150 பாரில், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் மூன்று மூட்டை நெல்லின் பாரம் உட்கார்ந்ததுபோல் ஆகும். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர்; அதன்மேல் விழுவது 7,500 கிலோ. நெம்புகோல் கைகளில் பகிர்ந்து கலப்பை முனைக்கு வரும்போது அது நூற்றுக்கணக்கான கிலோவாகக் குறைந்து, அதற்குப் பதிலாகத் தூக்கும் உயரம் கூடுகிறது. அயர்லாந்தின் ஹாரி ஃபெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று இடத்தில் பிணைத்து, இந்த அழுத்தத்தாலேயே அதன் ஆழத்தையும் கட்டுப்படுத்தும் முறையை 1930-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் இன்றும் ஓடுவது அவர் பெயர்தான். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியாக அந்தப் பெயர் நம் வயல்களுக்கும் வந்தது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரை வாங்கினாலும் பின்னால் இருக்கும் ‘த்ரீ பாயின்ட்’ அவர் வழி வந்தது.

ஆனால் பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் இந்த எண்ணெய்க்குத் தூக்குவது மட்டுமே வேலை இல்லை. கியர் பெட்டி, பின் அச்சு, எண்ணெயில் மூழ்கிய பிரேக் தட்டுகள், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே எண்ணெய். பற்களுக்கு அது வழவழப்பு, பிஸ்டனுக்கு அது தசை, பிரேக்குக்கு அது குளிர்நீர். சில மாடல்களில் ஹைட்ராலிக்குக்குத் தனித்தொட்டி உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டின் முதல் சில பக்கங்களே சொல்லிவிடும். பொதுத்தொட்டி வகையில் எண்ணெய் குறைந்தால் தூக்குவது மட்டும் தளர்வதில்லை, அடிவயிற்றில் சுழலும் எல்லாமே சேர்ந்து வாடும்.

இனி புதிருக்கு வருவோம். ஒரு வீட்டில் தண்ணீர் நிறைத்த பெரிய அண்டா ஒன்று, நாலு குடம். குடங்கள் காலியாக இருக்கும்போது அண்டா தளும்பும். நாலையும் நிறைத்து வைத்தால் அண்டா பாதியாகும். வீட்டில் உள்ள தண்ணீர் மாறவில்லை. அளவுக்குச்சி அண்டாவுக்குள் மட்டும் இறங்குகிறது. டிராக்டரில் குடங்களின் வேலையைச் செய்பவை சிலிண்டர்கள். டிப்பர் டிரெய்லரின் சிலிண்டர் பெரும்பாலும் ஒருபக்கம் மட்டும் எண்ணெய் ஏறும் வகை. தூக்க எண்ணெய், இறங்கப் பாரம். அதன் உள்விட்டம் 8 சென்டிமீட்டர், ஓட்டம் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுவதும் நீளும்போது சுமார் மூன்றரை லிட்டரை விழுங்கிக்கொள்ளும். தொட்டியில் 20 லிட்டர் என்றால் ஆறில் ஒரு பங்கு வண்டியை விட்டே வெளியேறி, டிரெய்லருக்கடியில் போய் நிற்கிறது. பத்து மணிக்குக் குச்சி வறண்டு வந்ததற்கு இதுவே காரணம். முன்னால் மாட்டும் லோடரின் சிலிண்டர் இருபக்கமும் எண்ணெய் ஏறும் வகை. அது நீளும்போது ஒருபக்கம் எண்ணெய் புகும், மறுபக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். அப்படியானால் தொட்டி மட்டம் மாறவே கூடாதே என்று கேட்கலாம். மாறும், ஆனால் கொஞ்சம்தான். ஒருபக்கத்தில் நடுத்தண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்டின் பருமன் அளவுக்கான எண்ணெய் மட்டுமே தொட்டியிலிருந்து கூடுதலாகப் போகும்.

மாலையில் மட்டம் ஏறியதற்குக் காரணம் வெப்பம். கனிம எண்ணெய், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய நூற்றுக்கு 0.7 பங்கு பருக்கும். காலையில் 25 டிகிரியில் இருந்தது மாலையில் 75-க்குப் போயிருந்தால், 20 லிட்டர் எண்ணெய் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெருத்திருக்கும். தொட்டியின் மேற்பரப்பு 60-க்கு 25 சென்டிமீட்டர் என்றால் மட்டம் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் உயரும். அரை சென்டிமீட்டர் என்ன பெரிய கணக்கு என்று தள்ள முடியாது. குச்சியின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கும் இடமே பல வண்டிகளில் ஓரிரு சென்டிமீட்டர்தான்.

சாய்வு இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். எந்தப் பாத்திரத்தைச் சாய்த்தாலும் நீரின் முகம் கிடைமட்டத்தை விட்டுக்கொடுக்காது. பாத்திரம்தான் அதைச் சுற்றித் திரும்புகிறது. குச்சி, தொட்டியின் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, வண்டி 5 டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று கொள்வோம். அது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத சாய்வு. வரப்போரத்தில் ஒரு சக்கரம் ஏறி நின்றாலே வந்துவிடும். குச்சி காட்டும் அளவில் அதனால் வரும் பிழை இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல். அதாவது, காலியான தொட்டியை நிறைந்ததாகவும் நிறைந்ததைக் காலியாகவும் காட்ட ஒரு வரப்பு போதும்.

இதோடு ஒரு சின்ன விஷயம். மரை போட்ட மூடியோடு வரும் குச்சியைச் சில வண்டிகளில் முழுவதும் திருகி உருவ வேண்டும். சிலவற்றில் திருகாமல் துளைவாயில் சும்மா அமர்த்திப் பார்க்க வேண்டும். மரையின் உயரமே ஒரு சென்டிமீட்டர் இருக்கும். ஒரு வண்டியின் பழக்கத்தை இன்னொரு வண்டிக்குக் கொண்டுபோனால் அந்த ஒரு சென்டிமீட்டர் முழுவதும் பிழையாகிறது. சில வண்டிகளில் குச்சிக்குப் பதிலாகக் கண்ணாடி வளையம் இருக்கும். அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் படிந்த பழைய எண்ணெய்க் கறையையே மட்டம் என்று நம்பிவிடும் அபாயம் உண்டு.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், கையேடு சொல்லும் சடங்கு சடங்காகத் தோன்றாது. சமதரையில் நிறுத்து, கருவியைத் தரையில் இறக்கு, சிலிண்டர்களை மடக்கு, என்ஜினை அணை, கை பிரேக் போடு, பத்து நிமிடம் பொறு, குச்சியைச் சுத்தமான துணியால் துடை, மறுபடி விட்டு எடு. சமதரை, சாய்வின் பிழையை நீக்குகிறது. இறக்கி மடக்குவது குடங்களையெல்லாம் அண்டாவில் கவிழ்ப்பது. பொறுத்திருப்பது, கியர் பற்களிலும் சுவர்களிலும் ஒட்டிய எண்ணெய் வடிவதற்கு; வடை சுட்ட கரண்டியை எண்ணெய்ச் சட்டிமேல் பிடித்தால் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டே இருக்குமே, அதே வடிதல்தான். துடைத்து மறுபடி விடுவது, ஓட்டத்தில் குச்சிமேல் தெறித்திருந்த எண்ணெயை மட்டமென்று எண்ணாமல் இருக்க. ஒவ்வொரு படியும் ஒரு பிழையை வெளியே நிறுத்துகிறது. அறிவியலில் இதற்குச் செந்தர நிலை என்று பெயர்: வாயுவின் கன அளவைச் சொல்லும்போது இன்ன வெப்பத்தில், இன்ன அழுத்தத்தில் என்று சேர்த்துச் சொல்வதைப்போல, எண்ணெய் மட்டத்தையும் அது எந்த நிலையில் பார்த்தது என்று சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி குளிர்ந்த எண்ணெயில் பார்க்கச் சொல்லும், இன்னொன்று சற்று ஓட்டிவிட்டுப் பார்க்கச் சொல்லும். முரண் ஒன்றும் இல்லை. அவரவர் கோட்டை அவரவர் நிலையில் போட்டிருக்கிறார்கள்.

மட்டம் ஒரு விரல் குறைந்தால்தான் என்ன, பம்பின் உறிஞ்சுகுழாய் அடியில்தானே இருக்கிறது, அதை எண்ணெய் மூடியிருக்கும் வரை கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட, பம்ப் எண்ணெயை எப்படிப் பெறுகிறது என்று பார்க்க வேண்டும். உறிஞ்சுவது என்று சொல்கிறோமே தவிர, உலகில் எந்தப் பம்பும் எதையும் இழுப்பதில்லை. பம்ப் தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. மேலே நிற்கும் காற்றுமண்டலம் எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. கிணற்றுமேட்டில் வைத்த மோட்டார் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழே திணறுவது இதனால்தான். தள்ளுவதற்குக் கிடைப்பது ஒரே ஒரு காற்றுமண்டல அழுத்தம், அதற்குமேல் கடன் கிடையாது. இளநீர் முடியும் தறுவாயில் ஸ்ட்ரா களகளவென்று சத்தம் போடுவதையும், தொட்டி காலியாகும்போது வடிகுழி மேல் சுழல் உண்டாகிக் காற்று உள்ளே இறங்குவதையும் பாருங்கள். குழாய்வாய் மூழ்கியிருக்கும்போதே, மேலே இருக்கும் திரவத்தின் ஆழம் போதாவிட்டால் காற்று வழி கண்டுபிடித்துவிடும். நின்ற வண்டியில் மூழ்கியிருக்கும் வாய், மேட்டில் ஏறும்போதும் பிரேக் போடும்போதும் திறந்துகொள்ளும். அந்தச் சில நொடிகள் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்பு, 20 லிட்டர் தொட்டியில் பொருத்தப்பட்டிருந்தால், எண்ணெய் சராசரியாக நிமிடத்துக்கு ஒருமுறை முழுச் சுற்றும் சுற்றி வருகிறது என்று பொருள். தொட்டியில் கிடைக்கும் அந்த ஒரு நிமிடம்தான் அதற்கு ஓய்வு. கலங்கிய ஆற்றுநீர் குடத்தில் தெளிவதற்கு நேரம் வேண்டும் என்பதுபோல, எண்ணெய்க்குள் சிக்கிய காற்றுக்குமிழ் மேலே வரவும், துகள் அடியில் படியவும், சூடு சுவர்வழி போகவும் நேரம் வேண்டும். எண்ணெயில் கால்பங்கு குறைந்தால் ஓய்விலும் கால்பங்கு போகிறது. தெளியாத எண்ணெய் திரும்பவும் பம்புக்குள் நுழைகிறது.

நுழைந்த காற்று என்ன செய்யும்? திரவத்தை அமுக்க முடியாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மையன்று. 150 பாரில் எண்ணெய் சுமார் நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். காற்றோ 150-ல் ஒரு பங்காகவே ஒடுங்கிவிடும். ஆகவே எண்ணெயில் கொஞ்சம் காற்று கலந்தாலும் பம்ப் அனுப்பும் தள்ளலில் ஒரு பகுதி தூக்குவதற்குப் பதில் குமிழை அமுக்குவதில் செலவாகிறது. லீவரைத் தூக்கினால் கலப்பை தயங்கி, நடுங்கி, திடீரென்று துள்ளி எழுவது இதனால்தான். இன்னும் உள்ளே போனால், குமிழைச் சட்டென்று அமுக்கும்போது அதன் வெப்பம் எகிறுகிறது. டீசல் என்ஜினில் பிளக் இல்லாமலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதும் அமுக்கிய காற்றின் சூட்டால்தான். அதே நிகழ்ச்சி பம்புக்குள் நுண்ணளவில் நடந்து, குமிழைச் சுற்றியுள்ள எண்ணெயைக் கருக்குகிறது.

வெளியிலிருந்து காற்று நுழையாமலும் எண்ணெய்க்குள் குமிழ் பிறக்கும் என்பதுதான் விசித்திரம். சாதாரண அழுத்தத்தில் கனிம எண்ணெய் தன் கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு காற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைத்து வைத்திருக்கும். பம்பின் வாயில் அழுத்தம் விழும்போது, மூடி திறந்த சோடா பாட்டில்போல அது பொங்கி வெளிவருகிறது. அழுத்தம் இன்னும் விழுந்தால் எண்ணெயே ஆவிக்குமிழாகிறது. அந்தக் குமிழ்கள் பம்பின் மறுபக்கத்தில் உயர் அழுத்தத்துக்குள் போனதும் நொறுங்கி உள்நோக்கி வெடிக்கின்றன. இதைக் குமிழ்க்குழிவு எனலாம். குமிழால் உலோகத்தில் விழும் குழி என்பதால். இது டிராக்டரில் கண்டறியப்பட்டதன்று, கப்பலில். இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய டர்பீனியா என்ற நீராவிச் சுழலிப் படகு 1894-ல் முதன்முதலில் ஓடியபோது எதிர்பார்த்த வேகம் வரவில்லை. விசிறி சுழன்ற வேகத்தில் நீர் கிழிந்து குமிழாகிறது என்று ஊகித்த பார்சன்ஸ், 1895-ல் ஒரு சின்ன நீர்த்தொட்டிக்குள் விசிறியைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் அந்தக் குமிழ்களைக் கண்ணாலேயே பார்த்தார். ஒரு விசிறித் தண்டுக்குப் பதில் மூன்று தண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி என்று சுமையைப் பகிர்ந்தார். 1897-ல் அந்தப் படகு மணிக்கு 34 கடல்மைல் வேகத்தைத் தொட்டது. கப்பல் விசிறிகளில் புழு அரித்ததுபோல் குழிகள் விழுவது ஏன் என்பதற்கு, உருண்டைக் குமிழ் ஒன்று நொறுங்கும்போது பிறக்கும் அழுத்தத்தை 1917-ல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். குமிழ் சுருங்கச் சுருங்க அந்த அழுத்தம் பிரம்மாண்டமாக ஏறுகிறது என்பது அவர் கண்டது. டிராக்டர் பம்பின் கியர் முகத்தில் தெரியும் கரகரப்பான பொட்டுகளும் அதே இனம். எண்ணெய் குறைந்த வண்டியில் கேட்கும் ஊளைச் சத்தம், குமிழ்கள் ஆயிரக்கணக்கில் நொறுங்கும் சத்தம்.

ஆனால் ஊளை கேட்டவுடன் எண்ணெய் டின்னைத் தேடுவது அவசரம். உறிஞ்சுவழியில் இருக்கும் ஃபில்டர் அடைத்தாலும் அதே சத்தம் வரும். மார்கழிக் காலையில் எண்ணெய் குளிர்ந்து பாகுபோல் கெட்டித்திருந்தாலும் வரும். மூன்றிலும் பம்பின் வாயில் நடப்பது ஒன்றுதான்: காற்றுமண்டலம் தள்ளிக்கொடுக்கும் வேகத்தைவிடப் பம்ப் கேட்கும் வேகம் அதிகம். குச்சி சரியான மட்டம் காட்டியும் ஊளை நிற்கவில்லை என்றால் தவறு மட்டத்தில் இல்லை.

குறைந்தால் இவ்வளவு கெடுதல் என்றால், ஒரு லிட்டர் கூடவே ஊற்றி வைத்தால் பத்திரம்தானே? இந்த வாதத்தைக் கேட்டுத்தான் நிறைய வண்டிகள் வியர்க்கின்றன. பொதுத்தொட்டியில் சுழலும் கியர்கள் எண்ணெயில் ஓரளவு மட்டுமே மூழ்கியிருக்கும்படி அமைத்திருப்பார்கள். மட்டம் கூடினால் அவை தயிர் கடையும் மத்தாகிவிடுகின்றன. கடைவதற்குச் செலவாகும் சக்தி என்ஜினிலிருந்து போகிறது, சூடாக எண்ணெயில் சேர்கிறது. கடைந்தால் நுரை, நுரை என்றால் காற்று, குறைவாக இருந்தால் வரும் என்று பயந்த அதே காற்று, கூடியதாலும் வந்து சேர்கிறது. எண்ணெய் பருக்கும்போதும் சிலிண்டர்கள் மடங்கும்போதும் தொட்டியில் உள்ள காற்று வெளியேற மேலே ஒரு மூச்சுத்துளை இருக்கிறது. எண்ணெய் அதுவரை ஏறிவிட்டால் மூச்சு முட்டுகிறது. அழுத்தம் பலவீனமான ஆயில் சீலைத் தேடிப் பிதுங்குகிறது. டிரெய்லர் தூக்கி நிற்கும்போது குச்சி காலி என்று பார்த்து மூன்றரை லிட்டர் ஊற்றியவர், டிரெய்லர் இறங்கியதும் அந்த மூன்றரை லிட்டரும் திரும்பி வருவதைக் காண்பார். சிறிய வண்டியில் அதற்கு இடம் கிடையாது.

ஒழுங்காகப் பார்த்தும் மட்டம் குறைந்துதான் இருக்கிறது என்றால்? டீசலைப்போல எரிந்து தீர்ந்துபோகும் பொருளன்று இது. என்ஜின் ஆயிலாவது எரியறைக்குள் கொஞ்சம் எரிந்து குறையலாம். ஹைட்ராலிக் ஆயிலுக்கு அந்த வழியும் இல்லை. குறைந்தது எங்கேயோ போயிருக்கிறது. பத்து நொடிக்கு ஒரு துளி என்ற கசிவை யாரும் கசிவாகவே மதிப்பதில்லை. எண்ணெய்த் துளி முப்பது சேர்ந்தால் ஒரு மில்லி என்று வைத்தால், பத்து மணி நேர வேலையில் 3,600 துளி, 120 மில்லி. மாதம் 25 நாள் ஓடினால் மூன்று லிட்டர். குச்சியின் கீழ்க்கோட்டைத் தாண்ட இது போதும். கசிவைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை அவசியம்: அழுத்தத்தில் இருக்கும் ஹோஸ்மேல் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசிமுனைத் துளையில் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே தசையை அழுகச் செய்யும், உடனே அறுவை சிகிச்சை வேண்டிய காயம் அது. ஓர் அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும்.

வெளியே கசிவே இல்லாமலும் எண்ணெய் இடம் மாறும். ஹைட்ராலிக் பம்ப் என்ஜினின் டைமிங் கியரிலிருந்து ஓடும் வண்டிகளில், பம்பின் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் எண்ணெய் சத்தமில்லாமல் என்ஜினுக்குள் போகும். ஒரு குச்சியில் குறைவதும் இன்னொரு குச்சியில் ஏறுவதும் சேர்ந்து நடக்கும். ஹைட்ராலிக் குறைந்தால் என்ஜின் குச்சியையும் பார்ப்பது வீண் வேலையில்லை. இதற்கு நேர்மாறானது, தூக்கி நிறுத்திய கலப்பை தானாகவே மெல்ல இறங்குவது. ‘ஆயில் கம்மி போல’ என்று ஊற்றுவார்கள். பிஸ்டன் சீல் அல்லது வால்வு வழியே எண்ணெய் கசிந்து தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கும் நிலை அது; வண்டியை விட்டு ஒரு சொட்டும் போகவில்லை, மட்டம் அப்படியே இருக்கும். ஊற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

பலரும் கவனிக்காத ஒரு வழி டிரெய்லர். ஒரே டிப்பர் இரண்டு மூன்று டிராக்டர்களுக்கு மாறிமாறிப் போகும் இடங்களில், கழற்றும்போது சிலிண்டரிலும் ஹோஸிலும் இருக்கும் எண்ணெய் டிரெய்லரோடு போகிறது. அடுத்த வண்டியில் மாட்டி இயக்கும்போது அந்த எண்ணெயும் இந்த எண்ணெயும் கலக்கின்றன. முழுவதும் இறங்காத நிலையில் கழற்றினால் ஒரு வண்டியின் எண்ணெய் இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். கொடுத்தவன் குச்சியில் குறையும், வாங்கியவன் குச்சியில் கூடும். எண்ணெயோடு துகளும் தண்ணீரும் கூடப் பயணம் செய்யும். அதனால், புதிதாக ஒரு கருவியை மாட்டினால் அதன் சிலிண்டரும் குழாய்களும் நிறையும்வரை இயக்கி, இறக்கி, பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும்.

மட்டம் தானாக ஏறியிருந்தால், குறைந்ததைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் அது தண்ணீர். சேற்றுழவில் அச்சு முங்க முங்க ஓடும்போது சீல் வழியாக, பைப்பை வைத்துப் பீய்ச்சிக் கழுவும்போது மூச்சுத்துளை வழியாக, சூடான வண்டி மழையில் சட்டென்று குளிரும்போது உள்ளிழுக்கும் ஈரக்காற்று வழியாக. கரையும் அளவைத் தாண்டிய நீர் நுண்துளிகளாகச் சிதறி எண்ணெயோடு பால்மம் ஆகிறது. குச்சி வெளுத்து வரும். வெளுப்பு நீரின் நிறமுமன்று, எண்ணெயின் நிறமுமன்று. பாலில் கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதுபோல, துளிகளின் எல்லையில் ஒளி சிதறுவதால் வரும் வெண்மை. காற்றுக்குமிழும் ஒளியைச் சிதறடிக்கும், ஆகவே நுரைத்த எண்ணெயும் வெளுத்தே இருக்கும். எப்படிப் பிரித்தறிவது? கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்தால் போதும். காற்று என்றால் குமிழ்கள் மேலேறி, அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வரும். நீர் என்றால் மணிக்கணக்கில் வெளுப்பு மாறாது. அல்லது அடியில் நீர் தனியாக இறங்கும். பட்டறைகளில் இன்னொரு சோதனை உண்டு: சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால், நீர் கலந்த எண்ணெய் கடுகுபோல் படபடவென்று வெடிக்கும். தூய எண்ணெய் சும்மா பரவும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. நீர் கலந்தது உறுதியானால் கொஞ்சம் வடித்து மட்டத்தைச் சரிசெய்வது கண்துடைப்பு. முழுவதையும் மாற்றி, நீர் வந்த வழியையும் அடைக்க வேண்டும்.

ஊற்றும் எண்ணெய் எதுவானால் என்ன என்பது கடைசி ஆட்சேபம். எண்ணெயில் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே சேர்க்கும் சிலிக்கோன் நுரையை உடைக்கிறது. வேறொரு சேர்மானம் ஈரப் பிரேக் தட்டுகள் கிறீச்சிடாமல், அதேசமயம் வழுக்காமல் பிடிக்க வைக்கிறது. என்ஜின் ஆயிலில் அழுக்கைப் பிரித்து மிதக்க வைக்கும் சேர்மானங்கள் உண்டு. அங்கே அது நல்ல குணம். ஹைட்ராலிக் தொட்டியில் அதே குணம் தண்ணீரையும் அடியில் இறங்கவிடாமல் மிதக்க வைக்கும். நிறமும் வழவழப்பும் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியீடு டின்னின்மேல் இருக்கிறதா என்று பார்ப்பதே வழி.

சரியான எண்ணெய் கையில் இருக்கிறது, கசிவை அடைத்தாயிற்று என்றால், ஊற்றுவாயைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, அரை லிட்டர் ஊற்றலாம். முழுக் குறையையும் ஒரே மூச்சில் ஊற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கியர்களும் அச்சும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் தொட்டி, நேரான சுவருள்ள வாளியன்று. ஓர் உயரத்தில் அரை லிட்டருக்கு மட்டம் விரல் அளவு ஏறும், இன்னோர் உயரத்தில் நகம் அளவே ஏறும். பின் அச்சின் இரு கைகளுக்குள்ளும் எண்ணெய் பரவிச் சமமாகவும் நேரம் பிடிக்கும். என்ஜினை மெதுவோட்டத்தில் விட்டு, லிஃப்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் குழாய்களில் தங்கிய காற்று தொட்டிக்கு வந்து மேலே போய்விடும்; அந்தக் காற்று விட்டுப்போன இடத்தை எண்ணெய் நிரப்புவதால் மட்டம் மறுபடி சற்று இறங்கும். கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் குச்சியை உருவினால், காலையில் கொட்டகையில் பார்த்த அளவோடு ஒப்பிடத் தகுந்த ஒரே அளவு அதுதான். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றாலும் அத்தோடு மூடியைத் திருகிவிடலாம். மாலைச் சூட்டில் எண்ணெய் பருக்க அந்த இடம் வேண்டும்.